நாலாம் இலக்கப் போத்தல்

அவரோடு கதைக்கப் போகிறவர்கள், தாங்கள் சொன்னதை அவருடைய வாயால் இரண்டாம் தரம் கேட்டுவிட்டுத்தான் வீடு திரும்ப முடியும். வாசல் படலையில் நின்று மழை வரும்போல் இருக்கிறது என்றாலும் விடமாட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார். "மேற்கில கறுத்துக் கிடக்கு, மழை வருமெண்டு நினைக்கிறியள். அப்பிடித்தானே சொன்னனீங்கள்?" என்பார். ஓம் என்ற பிறகுதான் கண்ணாடி மூக்குக்கு இறங்கும்.

அரியாலையில் அவரைப் பாராளுமன்றக் கிளாக்கர் என்றார்கள். கொழும்பில் பாராளுமன்றக் குழுக்களுக்கு எழுத்தராக இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கொழும்பு வீடு எரிந்தபோது அவர் கந்தோரில் இருந்தார். மனைவி அடுத்த வீட்டுக் குளியலறையில் ஒளிந்திருந்தார். கந்தோர் மேசை லாச்சியில் இருந்த நிலையியற் கட்டளைப் புத்தகம், ஒரு மைப்பேனை, ஒரு கட்டுக் கார்பன் தாள், இவ்வளவும்தான் அவருக்கு மிஞ்சின. அவற்றோடும் மனைவியோடும் அகதிக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து சேர்ந்தார். பிள்ளைகள் இல்லை.

நான் அப்போது யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியன். அரியாலையிலிருந்து சைக்கிளில் வேலைக்குப் போய் வந்தேன். பத்து வருடம் அவரைப் பார்த்திருக்கிறேன். ஒரு விடயத்திலாவது தன்னுடைய கருத்து இது என்று அவர் சொல்லக் கேட்டதில்லை. "எழுதிறவனுக்கு வாக்கில்லை" என்பார்.

பாராளுமன்றக் குழு என்றால் என்னதான் செய்யும் என்று ஒருநாள் கேட்டேன்.

"குழு எண்டா சத்தம் போடாத இடம், தம்பி. சபையில எதிரும் புதிருமா இருந்து கத்திறவை, குழு அறைக்குள்ள ஒரு மேசையில இருந்து ஒரே வடையைப் பிய்ச்சுத் தின்னுவினம். முதலில கடதாசியளைக் கேட்டு எடுக்கிறது. பிறகு அதிகாரியளைக் கூப்பிடுறது. அதுக்குப் பிறகு, அந்த விசயத்தால ஆருக்கு அடி விழுதோ அவையைக் கூப்பிடுறது. அவை சொன்னதை எழுதி, அவையிட்டையே திருப்பி அனுப்பி, பிழை இருந்தால் திருத்தச் சொல்லுறது. எல்லாம் முடிஞ்சால் அறிக்கை. சபாபீடத்தில வைக்கிறது."

"வைச்ச பிறகு?"

"அலுமாரி."

"அப்ப என்னத்துக்கு அண்ணை உந்தப் பாடு?"

அவர் சிரிக்கவில்லை. "ஒருத்தரையும் கேளாமச் செய்ததெண்டு ஆரும் சொல்லேலாது பாருங்கோ" என்றார்.

குடாநாட்டில் அந்த வருடங்களில் யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றறி, பசளை இவற்றில் எது வரலாம், எது வரக்கூடாது என்பதைக் கொழும்பில் ஒரு பட்டியல் தீர்மானித்தது. எங்களில் யார் வெளியே போகலாம், யார் போகக்கூடாது என்பதை இங்கே இயக்கத்தின் பாஸ் கந்தோர் தீர்மானித்தது. தரைவழி அடைத்துக் கிடந்தது. தண்டவாளத்தைக் கழற்றிப் பதுங்குகுழிக்குக் கூரையாகப் போட்டிருந்தார்கள். பத்திரிகையில் எங்கள் வேலை, எங்களைக் கேளாமல் எடுத்த முடிவுகளை அடுத்த நாள் காலை, அச்சுத்தாள் இல்லாததால் கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சடித்து மற்றவர்களுக்குச் சொல்வது.

இப்படியான இடத்தில் அவர் மட்டும் போகிற இடமெல்லாம் "கேட்டாச்சோ?" என்று கேட்டுக்கொண்டு திரிந்தார்.

அயலில் ஒரு கலியாணப் பேச்சுக்கு மதிப்பான ஆள் என்று அவரைக் கூட்டிப் போனார்கள். சாதகம் பொருந்தி, கொடுக்கல் வாங்கலும் முடிந்து, பலகாரத் தட்டு வரும் நேரத்தில் அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"பெண்பிள்ளையைக் கேட்டாச்சோ?"

"என்னத்தை?" என்றார் மாப்பிள்ளையின் மாமன்.

"இந்த முடிவால பாதிக்கப்படுற ஆள் அவதானே. அவவின்ரை வாய்மொழி எங்கை?"

பெண்ணின் தகப்பன் எழுந்துவிட்டார். "கிளாக்கர், இது கலியாணம். விசாரணைக் கமிசன் இல்லை. பலகாரத்தை எடுங்கோ." அதற்குப் பிறகு நல்லது கெட்டது எதற்கும் அவரை முன்வரிசைக்கு அழைப்பதில்லை.

பாஸ் கந்தோரில் நடந்தது வேறு மாதிரி. அவருடைய இடக் கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. கொழும்பில் சத்திரசிகிச்சை செய்யலாம் என்று வைத்தியர் எழுதிக் கொடுத்திருந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த இளைஞன் வழக்கமான கேள்விகளைக் கேட்டான். என்னத்துக்குப் போறியள், எப்ப திரும்புவியள், திரும்பாட்டி ஆர் பிணை. இவர் ஒவ்வொன்றுக்கும் மறுமொழி சொன்னார். முடிவில், "தம்பி, நான் சொன்னதை ஒருக்கா வாசிச்சுக் காட்டுமன்" என்றார்.

"ஏன்?"

"பிழையா எழுதியிருந்தால் இப்பவே திருத்தலாமெல்லே."

வரிசையில் பின்னால் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். இளைஞன் படிவத்தைத் திருப்பி வைத்தான். அதில் அவருடைய பெயரைத் தவிர ஒன்றும் இல்லை. பாஸ் கிடைக்கவில்லை. "என்னை வடிவாக் கேட்டவன், தம்பி. எழுதேல்லை. அதுதான் குறை" என்று என்னிடம் சொன்னார். அந்தக் கண் பிறகு முழுதாக மறைந்தது.

அவருடைய பேனைக்கு உண்மையான வேலை வந்தது தொண்ணூற்றொன்றில். தீவுப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருத்தினார்கள். பள்ளிக்கூடக் கிணறு மூன்று மாதத்தில் உப்பேறிச் சவராகிவிட்டது. எங்கள் மண்ணுக்குக் கீழே நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் ஒரு மெல்லிய படையாகத்தான் கிடக்கிறது. மெல்ல அள்ளினால் இனிக்கும். அவசரமாக இறைத்தால் கீழே கிடக்கிற கடல் மேலே வரும். சவர்த் தண்ணீரைக் குடித்துச் சின்னப் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் தொடங்கியது. பக்கத்தில் உள்ள வீட்டுக் கிணறுகளில் ஒன்றை அவர்களுக்குத் திறந்துவிட வேண்டும். திறக்கிற கிணறு இரண்டு கோடை தாங்காது என்பது எல்லோருக்கும் தெரியும். கிணறு போனால் அந்த வளவில் வாழையும் இல்லை, வெற்றிலையும் இல்லை. குடாநாட்டை விட்டுப் போகவும் முடியாதவனுக்கு வளவுக் கிணறும் சவரானால் வேறு போக்கிடம் எது?

எதைத் திறப்பது என்று முடிவெடுக்க ஊரவர்கள் ஐந்து பேர் கொண்ட குழு ஒன்றை அமைத்தார்கள். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் தலைவர். சங்கக்கடை மனேச்சர், தண்ணீர் இறைக்கிற மிசின் வைத்திருந்த ஒரு தோட்டக்காரர், பள்ளிக்கூடத்தில் இருந்த குடும்பங்களின் சார்பில் ஒரு பெண், நான். எழுத்தர் அவர்.

முதல் கூட்டத்திலேயே அவர் எழுந்து, விசாரிக்கவேண்டிய ஆறு கிணறுகளில் ஒன்று தன்னுடைய வளவில் இருக்கிறது என்றும், அதை 'எழுத்தருக்கு அக்கறை உண்டு' என்று பதிந்திருப்பதாகவும் சொன்னார். எழுத்தர் சாட்சி சொல்ல முடியாது. ஆகவே அந்தக் கிணற்றைப் பற்றித் தான் எதுவும் சொல்லப் போவதில்லை என்றும் அறிவித்தார். எங்களுக்கு அது நேர்மையாகத்தான் பட்டது.

மற்ற ஐந்து கிணற்றுக்காரரும் வாசிகசாலைக்கு வந்து சாட்சி சொன்னார்கள். நேற்றுவரை தங்கள் தண்ணீரை இளநீர் என்று பெருமையடித்தவர்கள், குழுவுக்கு முன் வந்ததும் ஒருவர் விடாமல் தங்கள் கிணறு சவர் என்றார்கள். அவர்களில் ஒருவரான மிசின்காரரும் அப்படித்தான். தன்னுடைய தண்ணீரில் மாடுகூட வாய் வைக்காது என்றார். எழுத்தர் அதை வாசித்துக் காட்டியபோது, "ஓம் ஓம், மாடு எண்டதை வடிவாப் போடுங்கோ" என்று சொல்லிக் கையெழுத்தும் வைத்தார்.

இதைத் தீர்க்க நான்தான் ஒரு வழி சொன்னேன். ஆறு கிணற்றிலும் ஒரேநாள் காலையில் தண்ணீர் எடுத்து, ஒரே மாதிரியான சோடாப் போத்தல்களில் நிரப்பி, இலக்கம் மட்டும் ஒட்டவேண்டும். எந்த இலக்கம் எந்தக் கிணறு என்பதை எழுத்தர் எழுதி உறையில் ஒட்டி வைக்கவேண்டும். குழு குடித்துப் பார்த்து, நல்ல தண்ணீர் எதுவென்று வாக்கெடுத்து, அந்தக் கிணற்றைத் திறப்பதாக முடிவெடுத்த பிறகுதான் உறையை உடைக்கவேண்டும். எல்லோருக்கும் இது பிடித்திருந்தது. எழுத்தர் கேட்டு எழுதினார்.

வாசிகசாலை நிவாரண மூட்டைகளால் நிறைந்திருந்ததால் அந்தக் கூட்டம் அவருடைய வீட்டு விறாந்தையில் நடந்தது. போத்தல்கள் மேசையில் வரிசையாக நின்றன. அவருடைய மனைவியை நான் அக்கா என்பேன். உள்ளே பனங்கட்டி நறுக்கித் தேநீர் போட்டுக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பெண்தான் கூடுதல் நேரம் எடுத்துக் குடித்தார். ஒவ்வொரு வாயையும் நாக்கில் வைத்துப் பார்த்து விழுங்கினார். மிசின்காரர் இரண்டாம் போத்தலைக் குடித்துவிட்டுச் சத்தம் போட்டார். "இதெல்லோ தண்ணி! உந்தக் கிணத்துக்காரன் ஆரெண்டாலும் பொய் சொல்லியிருக்கிறான். இதையே திறவுங்கோ." மனேச்சர் அவரோடு சேர்ந்தார். நாங்கள் மூன்று பேர் நாலாம் போத்தலுக்குக் கை உயர்த்தினோம். முடிவு பதியப்பட்டது.

தலைவர் உறையைக் கிழித்து, தாளை எழுத்தரிடம் நீட்டினார். அவர் வாசித்தார்.

"ஒண்டாம் இலக்கம். சங்கக்கடைக்குப் பின்வளவுக் கிணறு." அடுத்ததாக, "இரண்டாம் இலக்கம்" என்று சொல்லி மிசின்காரரின் பெயரை வாசித்தார்.

விறாந்தை அதிரச் சிரித்தோம். மிசின்காரர் தலையில் கை வைத்தார். "ஐயோ, ஒரு வாக்கு அங்காலை விழுந்திருந்தால் என்ரை தலையில நானே மண் அள்ளிப் போட்டிருப்பன்!"

"மாடு வாய் வைக்காதெண்டியள், நீங்கள் போத்தலை முடிச்சிட்டியள்" என்றார் மனேச்சர்.

சிரிப்பு அடங்கும்வரை எழுத்தர் பொறுத்திருந்தார். "மூண்டாம் இலக்கம்" என்று வாசித்தார். அதே குரலில், "நாலாம் இலக்கம். உரிமையாளர், குழுவின் எழுத்தர்" என்றார். நிறுத்தவில்லை. ஐந்தையும் ஆறையும் வாசித்துத் தாளை மடித்தார்.

நாங்கள் அக்கா அந்தத் தண்ணீரில் போட்டுத் தந்த தேநீரைக் கையில் வைத்திருந்தோம்.

"பிழை."

வாசல் நிலையில் வெறும் தட்டோடு அக்கா நின்றார்.

"என்ன பிழை, அம்மா?" என்று கேட்டார் தலைவர்.

"நாலாம் இலக்கம். உரிமையாளர் எண்டு வாசிச்சது பிழை. காணி உறுதியை எடுத்துப் பாருங்கோ. இது என்ரை அப்பா எனக்குச் சீதனமா எழுதின காணி. கிணறும் அதுக்குள்ளைதான் கிடக்கு."

 குழுவில் நாங்கள் நாலு ஆண்கள் இருந்தோம். நாலு பேரும் மனைவியின் சீதன வீட்டில்தான் குடியிருந்தோம். நாலு பேரும் 'என்ரை வீடு', 'என்ரை கிணறு' என்றுதான் சொல்லி வந்தோம். அவ்வளவு நாட்களாக, அத்தனை சாட்சியங்களுக்கு நடுவில், அது ஒருவருக்கும் உறைக்கவில்லை. ஊர் முழுவதையும் 'கேட்டாச்சோ' என்று கேட்டவருக்கும் உறைக்கவில்லை.

மிசின்காரர்தான் முதலில் பேசினார். "அப்பிடிப் பார்த்தால் என்ரை கிணறும் மனிசியின்ரைதான். இவ்வளவு நாளும் பிழையான ஆக்களையோ விசாரிச்சது?"

எழுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இருக்கவில்லை. பிறகு எழுந்து தலைவரைப் பார்த்து, "உரிமையாளரைக் கேளாமல் எடுத்த முடிவு செல்லாது. அவவைச் சாட்சிக்குக் கூப்பிட வேணும்" என்றார்.

அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டு மேசைக்கு முன்னால் இருந்த கதிரையில் அமர்ந்தார். எழுத்தர் புதுத் தாள் எடுத்தார்.

"முழுப்பெயர்?"

"உங்களுக்குத் தெரியாதோ?"

"பதிவுக்கு வேணும்."

அக்கா தன் பெயரைத் தகப்பன் பெயரோடு சேர்த்துச் சொன்னார். கணவனின் பெயரைச் சொல்லவில்லை. எழுத்தர் அப்படியே எழுதினார்.

தலைவர் கேட்டார். "பள்ளிக்கூடத்துச் சனத்துக்கு உங்கடை கிணத்தைத் திறக்கிறதைப் பற்றி நீங்கள் என்ன சொல்லுறியள்?"

"அதுதான் கை உயர்த்தி முடிச்சிட்டியளே."

"அது செல்லாதெண்டு ஆயிட்டுது, அம்மா. இப்ப நீங்கள் சொல்லுறதுதான்."

"நான் இல்லையெண்டு சொன்னால்?"

 பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பெண் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "நீங்கள் இல்லையெண்டால் நான் கோவிக்கமாட்டன், அக்கா. எங்கடை ஊரில எனக்கும் ஒரு கிணறு கிடந்தது. அதை விட்டிட்டு வரச்சொல்லி என்னை ஆரும் கேக்கேல்லை. வந்திட்டம். என்ரை கடைசிப் பிள்ளைக்கு இண்டைக்கு மூண்டாம் நாள், வயித்தாலை போய்க்கொண்டே இருக்கு."

அக்கா அந்தப் பெண்ணைப் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"எண்பத்து மூண்டில எனக்கு ஒரு வீடு எரிஞ்சது. ஆரும் கேட்டிட்டு எரிக்கேல்லை. இப்ப நீங்கள் கேட்கிறியள். கேட்கிறது நல்லதுதான். ஆனால் இந்தப் பிள்ளையை எனக்கு முன்னால இருத்தி வைச்சுக்கொண்டு கேட்கிறியள். இதுக்கு எத்தினை மறுமொழி கிடக்கு, சொல்லுங்கோ பாப்பம்?"



"ஓம்" என்றார் அக்கா.

எழுத்தர் எழுதி முடித்தார். ஊரில் எல்லோருக்கும் செய்வதுபோலவே கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வாசித்துக் காட்டினார். "பள்ளிக்கூடத்தில் தங்கியுள்ள குடும்பங்களுக்குத் தமது கிணற்றைத் திறந்துவிட உரிமையாளர் சம்மதித்தார். அப்பிடித்தானே சொன்னனீங்கள்?"

"இல்லை. ஓமெண்டு சொன்னனான். சம்மதமெண்டு சொல்லேல்லை."

பேனை தாளுக்கு மேலே நின்றது. அவருடைய ஒற்றைக் கண் மனைவியைப் பார்த்தது. கையெழுத்தில் ஒரு எழுத்தைக்கூட வெட்டாமல் பக்கம் பக்கமாக எழுதுகிறவர், அன்று ஒரு வரியை முழுதாக வெட்டி, மேலே திருத்தி எழுதி, பக்கத்தில் தன் சுருக்கக் கையெழுத்தை வைத்தார். தாளைத் திருப்பி அக்காவிடம் கொடுத்தார். அக்கா அதை இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த நாள் விடிய, பெண்கள் குடங்களோடு வந்தபோது படலை திறந்திருந்தது. திறந்தது அக்காதான்.

நான் அதைச் செய்தியாகப் போட்டேன். மூன்றாம் பக்கத்தில் எட்டு வரி. இடம்பெயர்ந்தோருக்கு நன்னீர்க் கிணறு திறந்துவிடப்பட்டது, உரிமையாளரின் சம்மதத்துடன். அந்தச் சொற்றொடர் எங்கள் மேசையில் எப்போதும் தயாராகக் கிடக்கிற ஒன்று. யோசிக்காமல் கை எழுதிவிடும்.

செய்தி வெளிவந்த மறுநாள் மதிய வெயிலில் அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு பத்திரிகைக் கந்தோருக்கு வந்தார். கண் மறைந்த பிறகு அவர் சந்தடியான தெருவில் சைக்கிள் ஓடுவதில்லை. மடித்த தாள் ஒன்றை என் மேசையில் வைத்தார்.

"திருத்தம்" என்றார்.

நான் வாசித்துப் பார்த்தேன். "அண்ணை, ஒரு சொல்லுத்தானே. சனத்துக்குத் தண்ணி கிடைச்சாச்சு."

"அவ பேப்பர் வாசிக்கிறவ, தம்பி."

போடுகிறேன் என்று சொன்னேன். அந்தக் கிழமை தாள் தட்டுப்பாட்டில் பத்திரிகை இரண்டு பக்கமாகச் சுருங்கியது. செத்தவர்களின் பெயர்களுக்கே இடம் போதவில்லை. அடுத்த கிழமை அது பழைய விடயமாகிவிட்டது. அவர் காலையில் சங்கக்கடைக்கு வந்து, நின்றபடியே பத்திரிகையின் இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டு, மடித்து மனைவியிடம் கொண்டு போவதாக மனேச்சர் சொன்னார். ஒன்பதாம் நாளிலிருந்து வாங்க வரவில்லை. என்னிடம் அதைப் பற்றி ஒருபோதும் கேட்கவும் இல்லை.

இரண்டாம் கோடையில் கிணறு சவராகியது. முதலில் வெற்றிலைக் கொடி பழுத்தது, பிறகு எலுமிச்சை. அக்கா பள்ளிக்கூடத்துப் பெண்களோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு மிசின்காரர் வீட்டுக் கிணற்றுக்கு நடந்தார். தொண்ணூற்றைந்தில் இராணுவம் நெருங்கி ஊர் முழுவதும் எழும்பிப் போனபோது அவர்கள் எந்தப் பக்கம் போனார்கள் என்று என்னால் அறிய முடியவில்லை.

அவர் தந்த தாளில் இருந்தது இவ்வளவுதான்:

'கிணறு திறக்கப்பட்டமை பற்றிய நேற்றைய செய்தியில் உரிமையாளரின் சம்மதத்துடன் என்று வெளிவந்திருப்பது தவறு. கிணறு குழு எழுத்தரின் மனைவிக்குச் சொந்தமானது. முடிவெடுத்த பிறகே அவரிடம் கேட்கப்பட்டது. அவர் ஓம் என்றார். சம்மதிக்கவில்லை.'